பெயரில்லாத ரீலுக்கு ஒரு பொன்னாடை

ஒருவனிடமிருந்து அவன் பொருளைப் பறிக்க உலகத்தில் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. அடித்துப் பறிக்கலாம். அசந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு ஓடலாம். உழைப்பாளர் நற்பொழுது மன்றம் இரண்டையும் செய்யவில்லை. முத்துராமனின் மீன்பிடி ரீலை அது பொன்னாடை போர்த்திப் பறித்தது.

முத்துராமன் சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். ஊர் பேராவூரணிக்குப் பக்கம். வாரமெல்லாம் இரும்புக்குள் குனிந்து கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் பாதையின் இந்த முனையில் ஏறி, அந்த முனையில், பாசிர் ரிஸ்ஸில் இறங்குவான். மீன் பிடிக்கலாம் என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் நின்று தூண்டில் போடுவான். மீன் மேல் அவனுக்குப் பெரிய ஆசை கிடையாது. ஆசை அவன் மகள் யாமினிக்கு.

யாமினிக்கு ஆறு வயது. அப்பாவை அவள் பெரும்பாலும் போனில்தான் பார்த்திருக்கிறாள். போனில் வரும் அப்பா "சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா" என்று கேட்பார். அவள் "ம்" என்றுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கெளுத்தி மாட்டியது. முத்துராமன் போனைச் செருப்பில் சாய்த்து வைத்துவிட்டு ரீலைச் சுற்றினான். அன்றிலிருந்து ஞாயிறானால் அவள் பல்கூட விளக்காமல் போனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். மீனுக்குக் காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் பேசினாள். டீச்சரின் பெயர், விழுந்த பல், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட இடம், எல்லாம் அந்தக் காத்திருப்பில் வந்த செய்திகள்தாம். மீன் வராவிட்டால்கூடப் பரவாயில்லை. தூண்டில் கடலில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரீலை அவன் வாங்கியது ஜாலான் புசாரில், யாக்கூப் பாயின் இரும்புச் சாமான் கடையில். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே தொங்கியது. சீனத்து இறக்குமதி.

"என்ன பாய், கம்பெனி பேரையே காணோம்?"

"பேரு இருந்தா அந்தப் பேருக்கும் சேத்து நீதான் காசு குடுக்கணும் தம்பி. பக்கத்துல ஜப்பான் ரீல் இருக்கு, பாரு. பாக்கறது ஃப்ரீ லா."

முத்துராமன் ஜப்பான் ரீலைப் பார்த்தான். அதில் தொங்கிய விலைச்சீட்டையும் பார்த்தான். பெயரில்லாததை வாங்கிக்கொண்டான். சுற்றும்போது அது 'கிர்ரீச், கிர்ரீச்' என்று கத்தும். எண்ணெய் விட்டாலும் கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் பேராவூரணியில் யாமினி "வருது வருது!" என்று குதிப்பாள்.

இப்படி இருந்தவன் வாழ்வில்தான் மன்றம் கள ஆய்வுக்கு வந்தது.

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஓய்வு நாளில் நல்ல முறையில் பொழுதைக் கழிக்கிறார்களா என்று கவலைப்படுவதற்காகவே தொடங்கப்பட்ட மன்றம் அது. தலைவர் ரெங்கசாமிக்கு ஜாலான் புசாரில் மூன்று கடைவீடுகளும், கட்டுமானத்துக்கு ஆள் அனுப்பும் தொழிலும் உண்டு. மீதி நேரத்தில் கவலைப்படுவார். அன்று அவருடைய கவலை பாசிர் ரிஸ்ஸுக்கு வேனில் வந்து இறங்கி, முத்துராமன் முன்னால் நின்றது.

"இது என்ன ரீல் தம்பி? பார்க்கலாமா?"

முத்துராமன் கம்பிலிருந்து ரீலைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினான். "பாருங்க சார். உங்களுதுதான்."

தவறு இங்கேதான் நடந்தது. நம் பொருளை ஒரு பெரியவர் கையில் எடுத்துப் பார்த்தால் 'உங்களுதுதான்' என்போம். சாப்பிடும் நேரத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் 'சாப்பிடுங்க' என்பது போல. வந்தவர் "இருக்கட்டும்" என்பார். நம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள மாட்டார். ரெங்கசாமி இழுத்துக்கொண்டார்.

"பார்த்தீர்களா!" என்று தலைவர் கூட வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "ஒரு தொழிலாளி! தன்னிடம் இருப்பதைக் கொடுக்கிறான்!"

செயலாளர் மோகனப்பிரியா அதைப் போனில் தட்டிக்கொண்டார். வேனில் எப்போதும் நாலைந்து பொன்னாடைகள் தயாராக இருக்கும். சிங்கப்பூரில் யாரை எங்கே கௌரவிக்க வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா? ஒன்று வந்தது. போர்த்தினார்கள். கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். வேன் கிளம்பியது. முத்துராமன் சரிகை போட்ட பொன்னாடையும் வெறும் கம்புமாகக் கடலைப் பார்த்து நின்றான். செருப்பில் சாய்ந்திருந்த போனிலிருந்து யாமினி, "அப்பா, கல்யாணமா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவன் மன்றத்தின் அலுவலகத்துக்குப் போனான். லிட்டில் இந்தியாவில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல், மூன்றாவது மாடி. மோகனப்பிரியா அன்பாகப் பேசினார். அவர் எல்லாரிடமும் அன்பாகப் பேசுவார்; அதில் யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை.

"மேடம், அந்த ரீலு..."

"யெஸ் யெஸ், மிஸ்டர் முத்துராமன்! ரொம்ப யூஸ்ஃபுல். வொர்க்கர்ஸுக்கெல்லாம் ரீல் குடுக்கிறதா ஒரு திட்டம் போட்டிருக்கோம். பிராண்டட் வாங்குறதா, சீப் இம்போர்ட் வாங்குறதான்னு கமிட்டியில பெரிய டிஸ்கஷன். கம்பேர் பண்ண சீப்ல ஒரு சாம்பிள் வேணுமேன்னு இருந்தோம். கரெக்டா நீங்க டொனேட் பண்ணிட்டீங்க."

"டொனேட் பண்ணலைங்க மேடம். ஒரு மரியாதைக்கு உங்களுதுதான்னு சொன்னேன்."

"தெரியும். அதையும் மினிட்ஸ்ல போட்டிருக்கோம். 'மரியாதையுடன் வழங்கினார்'னு."

"திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா..."

மோகனப்பிரியாவின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "மினிட்ஸ் பாஸ் ஆயிடுச்சே. வாங்குறதுக்குத்தான் நம்ம கான்ஸ்டிடியூஷன்ல வழி இருக்கு. திருப்பிக் குடுக்கிறதுக்கு இல்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல, பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "பொன்னாடையும் வாங்கிட்டீங்க," என்றார்.

முத்துராமன் பொன்னாடையைப் பையில் கொண்டுதான் வந்திருந்தான். எடுத்து மேசையில் வைத்தான். அதைத் திருப்பி வாங்கவும் வழி இல்லையாம்.

வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. ஆனால் மன்றம் ஒரு வேலையை எடுத்தால் முழுதாகத்தான் செய்யும். ஆய்வு முடிந்து மன்றத்தின் ஒட்டுவில்லை ஒட்டாத எந்த ரீலையும் உள்ளே விட வேண்டாம் என்று அவன் தங்கியிருந்த தொழிலாளர் விடுதிக்கு ஒரு வேண்டுகோள் போயிருந்தது. விடுதி வாசலில் காவலுக்கு இருப்பவர் வேண்டுகோளுக்கும் சட்டத்துக்கும் வித்தியாசம் பார்க்கிறவர் அல்லர். மன்றத்தில் ஆய்வும் முடியவில்லை, ஒட்டுவில்லையும் அச்சாகவில்லை.

"அப்ப உங்க கடையிலயே ஒண்ணை வச்சிருங்க பாய். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிட்டு, திருப்பிக் கொண்டாந்து வச்சிடுறேன்," என்றான் யாக்கூப் பாயிடம்.

யாக்கூப் பாய் பெயிண்ட் டப்பா ஒன்றைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "இந்தக் கடை யாரு வீடு தெரியுமா?"

"யாரு?"

"உனக்குப் பொன்னாடை போத்துனாரே, அவரு. ஆய்வு முடியிற வரைக்கும் அந்த ரீலை யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு நேர்லயே வந்து சொல்லிட்டுப் போனாரு. சொல்லிட்டு, 'காண்ட்ராக்ட் எப்ப முடியுது யாக்கூப்'னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்றது?"

அந்த ஞாயிறு முத்துராமன் கடற்கரைக்கு வெறும் கையோடு போய் ஊருக்கு அழைத்தான். யாமினி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். "தூண்டி எங்க?" என்றாள். ஒருத்தர் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப்போயிருக்கிறார் என்றான். "இன்னுமா பாக்குறாரு?" என்றாள். அதற்கு அடுத்த ஞாயிறு அவன் மனைவி வசந்தகுமாரிதான் போனை எடுத்தாள். "அவ விளையாடப் போயிட்டாங்க. கூப்பிட்டேன், மீன் இருந்தா சொல்லுன்னுட்டா." அதற்கும் அடுத்த ஞாயிறு, கூப்பிடட்டுமா என்று வசந்தகுமாரி கேட்கவே இல்லை.

ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கொடையாளர் என்ற முறையில் முத்துராமனுக்கு அழைப்பு வந்தது. போனால் ரீலைக் கண்ணால் பார்க்கலாமே என்று போனான்.

குளிரூட்டிய அறை. வெள்ளைத் துணி விரித்த மேசையில் புத்தம்புது ஜப்பான் ரீல், பெட்டியிலேயே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பக்கத்தில் அவனுடைய ரீல், ஒரு தாம்பாளத்தில். தொழில்நுட்பத் துணைக்குழுத் தலைவர் டாக்டர் கதிரேசன் விளக்கினார். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது மனிதவள மேலாண்மையில்.

"பத்து அம்சங்களில் மதிப்பிட்டோம். பெட்டியின் தரம்: ஜப்பான் ரீல் பத்துக்குப் பத்து, மலிவு ரீலுக்குப் பெட்டியே இல்லை, பூஜ்யம். வாரண்டி அட்டை: பத்து, பூஜ்யம். பெயர்: பத்து, பூஜ்யம். வாசனை..." அவர் சற்றுத் தயங்கினார். "மலிவு ரீலில் மீன் வாடை அடிக்கிறது."

"மீன் புடிச்சா அடிக்கும் சார்," என்றான் முத்துராமன்.

"அதுதான் நாங்களும் சொல்கிறோம். ஜப்பான் ரீலில் அடிக்கவில்லை."

"தண்ணியில போட்டுப் பாத்தீங்களா?"

டாக்டர் கதிரேசன் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, பிளாஸ்டிக்கைப் பிரித்தால் புதிது என்று எப்படிச் சொல்வது? பிறகு அது பயன்படுத்திய பொருளாகிவிடும். பயன்படுத்திய பொருளை ஆய்வு செய்து என்ன பயன்?"

"நரம்பும் சுத்தலையே சார்?" ரீலில் சுற்ற வேண்டிய நைலான் நரம்பு ஜப்பான் ரீலில் இல்லை.

மோகனப்பிரியா குறுக்கிட்டார். "ரீல் வந்து அசெட். நரம்பு வந்து கன்ஸ்யூமபிள். அது வேற பட்ஜெட். மூணு கொட்டேஷன் வேணும். ரெண்டு வந்திருக்கு. மூணாவது கடைக்காரர் கொட்டேஷன் தர மாட்டேங்கறாரு, கடைக்கு வந்து வாங்கிட்டுப் போங்கன்னு ரூடா பேசுறாரு."

ரீலைத் தொட்டுக்கொள்ளலாமா என்று முத்துராமன் கேட்டான். கையுறை போட்டுக்கொண்டு தொடலாம் என்றார்கள்.

மாதக் கடைசியில் முடிவு அறிவிக்கும் விழா. இடம், பாசிர் ரிஸ் கடற்கரை. பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, ஊரறிந்த ஒரு சிறப்பு விருந்தினர். மூன்று பேருந்தில் தொழிலாளர்களை அழைத்துவந்து முன் வரிசைகளில் உட்காரவைத்திருந்தார்கள். படத்தில் கூட்டம் நிறைந்து தெரிய வேண்டும். முத்துராமன் அந்தப் பொன்னாடையைப் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று செய்தி வந்திருந்தது. போட்டுக்கொண்டு வந்தான். பையில் ஒரு பொட்டலம் இறாலும் இருந்தது. ஏன் வாங்கினான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, கால் அந்தக் கடைப் பக்கம் போய்விட்டது.

மேடை ஓரத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் ஜப்பான் ரீல் புதுக் கம்பில் பொருத்தி, மாலை போட்டு நின்றது. விழாவுக்காகப் பிளாஸ்டிக்கைப் பிரித்திருந்தார்கள். பிரிக்கத் தனித் தீர்மானம் போட்டிருந்தார்கள். இன்னொன்றில் அவனுடைய ரீல், யாருடையதோ பழைய கம்பில். அடியில் அட்டை: 'தவிர்க்கப்பட வேண்டியது.'

ரெங்கசாமி பேச எழுந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே, நமக்காக வியர்வை சிந்தும் தம்பிமார்களே! மலிவான இறக்குமதி என்றால் என்ன? எங்கிருந்தோ மொத்தமாக வரவழைக்கிறோம். பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. உழைக்கும் வரை உழைக்கும். ஒன்று ஒடிந்துபோனால், பழுதுபார்க்கிற செலவுக்கு, அதைத் திருப்பி அனுப்பிவிட்டுப் புதிதாக ஒன்று வரவழைத்துவிடலாம். என் முப்பதாண்டு அனுபவத்தில் சொல்கிறேன், அதில் நட்டமே கிடையாது!"

மோகனப்பிரியா பின்னாலிருந்து கிசுகிசுத்தது ஒலிபெருக்கியில் கேட்டது. "சார், ரீலைப் பத்தி."

"ரீலைப் பற்றித்தான் சொல்கிறேன்."

முன் வரிசையில் முத்துராமனுக்குப் பக்கத்தில் செல்வராஜ் உட்கார்ந்திருந்தான். பட்டறையில் தகடு விழுந்து வலது கையில் கட்டு. அடுத்த வாரம் அவன் ஊர் திரும்ப விமானம். எல்லாரும் கைதட்டியபோது அவன் இடது கையால் தொடையில் தட்டினான். தட்டச் சொல்லியிருந்தார்கள்.

"ஆனாலும்," என்று தலைவர் தொடர்ந்தார், "மலிவானதைக் கொடுத்தால் மன்றத்தின் கௌரவம் என்ன ஆவது? தரமானதைக் கொடுத்தாலோ, தம்பிமார்கள் விற்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தச் சோதனையிலிருந்து அவர்களைக் காப்பது நம் கடமை. ஆகவே செயலவை ஒருமனதாக முடிவு செய்தது. தரமான ரீல் ஒன்றை வாங்கி, நம் அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம். எந்தத் தொழிலாளியும் முன்பதிவு செய்து வந்து, இலவசமாகப் பார்க்கலாம்!"

பலத்த கைதட்டல். சிறப்பு விருந்தினர் மேடையிலிருந்து இறங்கி, மாலையை விலக்கி, ஜப்பான் ரீலைக் கையில் எடுத்துக் கடலைப் பார்த்து நின்றார். கைப்பிடியைச் சுற்றினார். சத்தமே இல்லை. அப்படி ஒரு நேர்த்தி. நரம்பு இல்லாத ரீல் வெண்ணெய் போலச் சுற்றியது.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். "சார், மீன் இல்லாம எப்படி?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கடலைப் பார்த்தார். கடல் மன்றத்தின் உறுப்பினர் இல்லை. கடைசியில் எல்லாரும் பொன்னாடையைப் பார்த்தார்கள்.

"தம்பி," என்றார் தலைவர், பேச்சுத் தமிழுக்கு இறங்கி. "சட்டுனு ஒண்ணு புடிச்சுக் குடு. வி.ஐ.பி-க்கு இன்னொரு ஃபங்ஷன் இருக்கு."

"எதுலங்க?"

"உன்னோடதுலதான். அதுலதான நரம்பு இருக்கு?"

இத்தனை வாரத்தில் 'உன்னோடது' என்று அவர்கள் சொன்னது அதுதான் முதல் தடவை. முத்துராமன் மேசைக்குப் போய்க் கம்பை எடுத்தான். அட்டை கீழே விழுந்தது. தூண்டில் முள்ளில் இறாலைக் கோத்தான். வீசினான். செருப்பைக் கழற்றிப் போனைச் சாய்த்து வைத்து ஊருக்கு அழைத்தான்.

"வசந்தா, அவளைக் கூப்பிடு."

"தூங்குறாளே..."

"எழுப்பு. தூண்டி போட்டிருக்கேன்னு சொல்லு."

தலைமயிர் கலைந்து, ஒரு கன்னத்தில் பாய்க் கோடுகளோடு யாமினி வந்தாள். பந்தலைப் பார்த்தாள். "யாருப்பா இவ்ளோ பேரு?" என்றாள்.

"மீன் பாக்க வந்திருக்காங்க."

"இவங்களுக்கும் அப்பா வெளியூர்லயா?"

முத்துராமன் நரம்பைச் சற்று இழுத்துப் பார்த்தான். அவள் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்துவிட்டாள். நாய்க்குட்டியில் ஒன்றை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். புதுப் பல் முளைக்கிறது, பாருப்பா. ஒலிபெருக்கியில் யாரோ சிறப்பு விருந்தினரின் பெருமைகளைச் சொல்லி நேரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மன்றம் முழுவதும் ஒரு ரீலுக்குப் பின்னால் கைகட்டி நின்றது.

நரம்பு விறைத்தது. முத்துராமன் சுற்றினான். கிர்ரீச், கிர்ரீச்.

"வருது வருது!"

கெளுத்திதான். நல்ல கை நீளம். அதற்கு இரண்டு பக்கமும் விஷ முள் உண்டு, வெறுங்கையில் பிடிக்க முடியாது. முத்துராமன் தோளிலிருந்து பொன்னாடையை உருவி, சரிகைப் பக்கத்தால் மீனைப் பொத்திப் பிடித்தான். போனுக்கு முன்னால் குந்தி, மீசையைக் காட்டினான். யாமினி மீசைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள், அங்கே, போன் கண்ணாடியில்.

"சீக்கிரம் லா தம்பி, இங்க குடு," தலைவரின் கை நீண்டது. "அந்த ஜப்பான் ரீல் நரம்புல... நரம்பு இல்லியா, சரி, சும்மா கையில வச்சிக்கட்டும். ஃபோட்டோவுல தெரியாது."

முத்துராமன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். நீட்டிய கையைப் பார்த்தான். முதல் நாள் ரீலை வாங்கிய அதே கை, அதே மோதிரம். அன்று போலவே இன்றும் அவன் வாயில் 'உங்களுதுதான்' வந்து நின்றது. பழக்கம். அதை விழுங்கினான். தூண்டில் முள்ளைக் கழற்றி, மீனைக் கடலுக்குள் விட்டான்.

தலைவரின் கை நீட்டியபடியே நின்றது.

"ஏம்ப்பா விட்டுட்ட?" என்றாள் யாமினி.

"அவங்க கேட்டாங்கம்மா. அதான்."

சிறப்பு விருந்தினர் காருக்கு நடந்தார். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாத நேரங்களில் மன்றம் எப்போதும் செய்வதையே டாக்டர் கதிரேசன் செய்தார்: நன்றியுரையைத் தொடங்கினார். நன்றியுரையின்போது யாரும் எழக் கூடாது. முத்துராமன் ரீலைக் கழற்றி, நாற்றமடித்த பொன்னாடையில் சுற்றிக்கொண்டு, நடுவழியாக நடந்துபோனான். ஒலிபெருக்கி நன்றி சொல்லிக்கொண்டே இருந்தது. செல்வராஜ் மட்டும் எழுந்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான்.

ஒட்டுவில்லை இல்லாத ரீலோடு விடுதிக்குப் போக முடியாது. ஜாலான் புசாருக்குப் போனான். யாக்கூப் பாய் கடைக்கு அவனுக்கு முன்பே செய்தி வந்திருந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. அடுத்த மாசமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போறாரு."

"அப்ப வேணாம் பாய், நான் வேற எங்கயாச்சும்..."

"குடுடா இங்க." பிடுங்கி, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே, வாங்கிய அதே ஆணியில் மாட்டினார். பக்கத்தில் பொன்னாடையைக் காயப் போட்டார். "காலி பண்ற வரைக்கும் இங்க தொங்கட்டும். காலி பண்ணா என்கூட வரட்டும்."

மன்றத்தின் ஆண்டறிக்கை வந்தது. அட்டைப் படத்தில் சிறப்பு விருந்தினர் ஜப்பான் ரீலோடு நிற்கிறார். கையில் ஒரு பெரிய கொடுவா. அந்த மீனை மீன்கடையில் எடுத்த வேறொரு படத்திலிருந்து வெட்டிப் பிறகு ஒட்டினார்கள். ஐஸ் துண்டு ஒன்றும் கூடவே ஒட்டிவிட்டது. உள்ளே, ஆய்வு முடிவு: 'மலிவு ரீலின் குறைபாட்டால் பிடித்த மீன் தப்பியது. மேலும் ஆய்வு தேவை.' மேலும் ஆய்வுக்கு மாதிரி வேண்டும். மாதிரியைத் திருப்பி ஒப்படைக்குமாறு மோகனப்பிரியா முத்துராமனுக்கு வாட்ஸ்அப்பில் மிக அன்பாகக் கேட்டிருந்தார்.

பாசிர் ரிஸ்ஸில் தூண்டில் போட்டு, ஒரு பக்கம் யாமினி பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அதைப் பார்த்தான். பதிலுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான். போனை ரீலுக்குப் பக்கத்தில் பிடித்துக் கைப்பிடியைச் சுற்றினான். கிர்ரீச், கிர்ரீச். அவ்வளவுதான்.

செயலவைக் கூட்டத்தில் அதை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்கள். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். அவன் என்ன சொல்கிறான் என்று கண்டறிய டாக்டர் கதிரேசன் தலைமையில் ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். தேநீர் தனி பட்ஜெட்.